காணிக் கடிதத்தின் திகதியைப் பார்த்தீர்களா?

சேமலாப நிதிக் காசு கைக்கு வந்ததும் எங்கள் குடும்பங்களில் முதலில் எழுவது காணிப் பேச்சுத்தான். "லயத்துலயே பொறந்து லயத்துலயே கெடக்குறோம், புள்ளைகளுக்காவது ஒரு துண்டு காணி வாங்கிப் போடணும்" என்று அம்மா சொல்வார். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்ப்பான். மருமகளின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். அப்போது டவுனிலிருந்து ஒரு தரகர் வருவார். அவர் கையில் ஒரு வரைபடப் பிரதி இருக்கும். அதில் 1, 2, 3 என்று இலக்கமிட்ட கட்டங்கள் இருக்கும். கூடவே முத்திரை குத்திய ஒரு கடிதமும் இருக்கும்.

"எல்லாம் அப்ரூவல் எடுத்தாச்சு அண்ணே. இங்க பாருங்க, சீல் இருக்கு. இன்னும் ரெண்டே துண்டுதான் மிச்சம். நாளைக்கு வேற ஆள் வாராங்க" என்பார்.

சீல் உண்மையானதாகவே இருக்கலாம். தரகர் பொய் சொல்கிறார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் சீலை விட முக்கியமான இரண்டு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று அதன் தலைப்பு, மற்றது திகதி. இவை இரண்டையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தவர்கள் பின்னர் சபைக்கும் நொத்தாரிசு வீட்டுக்குமாக நடப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே இந்த இதழில் அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களும் கேட்கட்டும்.

ஒரு காணி பல துண்டாவது எப்படி?

ஒருவரிடம் அரை ஏக்கர் காணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எட்டுத் துண்டாக்கி விற்க விரும்புகிறார். தன் காணிதானே என்று கயிறு பிடித்து எல்லை போட்டு விற்றுவிட முடியாது. ஒரு காணியைத் துண்டுகளாக்குவதும் சட்டத்தின் கண்ணில் ஓர் அபிவிருத்தி வேலைதான். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், அதற்கு 1982இல் வந்த திருத்தமும் இதைச் சொல்கின்றன. அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக் கூடாது. அரசாங்கத் திணைக்களத்துக்கும் இதே சட்டந்தான். அப்படிப் பிரகடனம் செய்யப்படாத இடங்களிலும் பிரதேச சபைக்குத் தன் அதிகாரம் உண்டு. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே "இது டவுன் இல்லையே, நாட்டுப்புறந்தானே" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

வேலை நடக்கும் ஒழுங்கு ஏறக்குறைய இப்படித்தான். காணிக்காரர் பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு காணியை அளந்து, எப்படித் துண்டாக்கப் போகிறார் என்று ஒரு வரைபடம் போடுவிப்பார். அதை வைத்துப் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி கேட்பார். சிறிய காணி என்றால் இந்தப் படியைத் தாண்டி நேரே அனுமதிப்பத்திரத்துக்கே விண்ணப்பிப்பதும் உண்டு. பூர்வாங்க அனுமதியில் சொன்ன நிபந்தனைகளை எல்லாம் நிறைவேற்றி, முழு வரைபடமும் உறுதிப் பிரதியும் கட்டணமும் கொடுத்தபின் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அதன்பிறகு பாதை வெட்டி, வடிகான் கட்டி, எல்லைக்கல் போட்டு, வரைபடத்தில் உள்ளதுபோலவே நிலத்திலும் செய்து காட்ட வேண்டும். சபை ஆட்கள் வந்து பார்த்துச் சரி என்றால் இணக்கச் சான்றிதழ் கொடுப்பார்கள். கந்தோரில் அதைச் "சீ.ஓ.சீ." என்று சொல்வார்கள். நீங்களும் அப்படியே கேட்கலாம்.

மூன்று கடிதங்களும் ஒரே கந்தோரிலிருந்து, ஒரே மாதிரி முத்திரையோடு வருகின்றன. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தரகர் காட்டும் "அப்ரூவல்" பெரும்பாலும் முதலாவது கடிதமாக இருக்கும். பூர்வாங்கம் என்றால் தொடக்கம். "நீங்கள் சொல்கிற யோசனையைக் கொள்கை அளவில் ஏற்கலாம், இன்னின்ன நிபந்தனைகளைச் செய்துகொண்டு வாருங்கள்" என்பதுதான் அதன் பொருள். பெண் பார்த்துவிட்டுப் போனதைக் கல்யாணம் என்று சொல்ல முடியுமா? அப்படித்தான் இதுவும். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வேலை தொடங்கவே உரிமையில்லை.

ஓராண்டு என்ற கணக்கு

பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி கொடுத்த திகதியிலிருந்து ஓராண்டுக்குத்தான் செல்லும். அபிவிருத்தி அனுமதிப்பத்திரத்துக்கும் வழமையாக ஓராண்டுதான். அந்த ஓராண்டுக்குள் வேலை முடியாவிட்டால் கட்டணம் செலுத்தி நீடிப்புக் கேட்கலாம். நீடிப்பும் வருடம் வருடமாகத்தான் கிடைக்கும், அதற்கும் ஓர் உச்ச எல்லை உண்டு. நீடித்துக்கொண்டே போய்ப் பத்து வருடம் ஓட்ட முடியாது. எத்தனை தடவை நீடிக்கலாம், கட்டணம் எவ்வளவு, எந்தப் பத்திரங்களை இணைக்க வேண்டும் என்பதை அனுமதிப்பத்திரத்திலும் அதன் பின்பக்க நிபந்தனைகளிலும் பார்க்கலாம். அதில் விளங்கவில்லை என்றால் சபையின் திட்டமிடல் பிரிவில் கேட்கலாம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வரி கட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

எதற்காக இப்படி ஒரு காலக்கெடு? "ஒரு தடவை கொடுத்த அனுமதி எப்போதைக்கும் செல்லும் என்று வைத்தால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

நிலம் அப்படியே இருப்பதில்லை, சட்டமும் அப்படியே இருப்பதில்லை. 1986இல் வந்த திட்டமிடல், கட்டிட ஒழுங்குவிதிகளில் வீட்டுக் காணியின் பொதுவான ஆகக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர். அதாவது ஏறக்குறைய 6 பேர்ச். பின்னர் ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனி அபிவிருத்தித் திட்டங்கள் வந்தன. சில இடங்களில் அதைவிடக் கூடிய அளவு கேட்கிறார்கள். 2021 யூலையில் அந்தப் பழைய ஒழுங்குவிதிகளுக்குப் பதிலாகப் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. ஆகவே 2019இல் எடுத்து, நீடிக்காமல் கிடப்பில் போட்ட ஒரு கடிதத்தை இன்றைக்குக் காட்டினால் எந்த விதியின்படி பார்ப்பார்கள்? இன்றுள்ள விதியின்படிதான். அன்று சரியாக இருந்த பாதை அகலம் இன்று போதாது என்று சொல்லக்கூடும். அன்று எட்டுத் துண்டுக்கு இடம் கொடுத்த வரைபடம் இன்று ஆறு துண்டுக்கு இறங்கக்கூடும். அப்படி இறங்கினால் ஏழாவது, எட்டாவது துண்டுக்குக் காசு கொடுத்த குடும்பங்களின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

மலைநாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது எல்லாவற்றையும் விடப் பெரியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டவோ காணி திருத்தவோ போனால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்ற ஒழுங்கு 2011 முதல் இருக்கிறது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் அந்தப் பட்டியலில் அடங்கும். ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்த மழைக்காலத்துக்கும் இடையில் ஒரு சரிவு மாறிவிடுகிறது. மேலே ஒருவர் பாதை வெட்டினால் கீழே தண்ணீர் போகும் வழி மாறுகிறது. மூன்று வருடத்துக்கு முன் "இங்கே கட்டலாம்" என்று சொன்ன இடத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டித்தான் இருக்கிறது. நீடிப்புக் கேட்கும்போது சபை இதையும் கேட்டால் கோபப்பட வேண்டாம். அது உங்கள் பிள்ளைகள் படுத்துறங்கப் போகும் இடம்.

நீடிப்பு கேட்பது யார்?

இதைப் பல பேர் கவனிப்பதில்லை. அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நீடிப்புக் கேட்க வேண்டும். கடிதம் காணிக்காரர் பெயரில், அல்லது காணி விற்கும் கம்பனியின் பெயரில் இருக்கும். நீங்கள் அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் சபையின் பதிவில் உங்கள் பெயர் இல்லை. கவுண்டரில் போய் "எங்க துண்டுக்கு நீடிப்புத் தாங்க" என்று கேட்டால், "விண்ணப்பதாரரைக் கூட்டிட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

விற்பவருக்கோ அந்த அவசரம் இல்லாமல் போகலாம். ஆறு துண்டுக்கு அட்வான்ஸ் வாங்கியாயிற்று. பாதையில் கொங்கிறீற் போடக் காசு இல்லை, அல்லது மனமில்லை. மழை என்பார், கலவைக் கல் விலை ஏறிவிட்டது என்பார், சேவையர் வரவில்லை என்பார். இதற்குள் அந்த ஓராண்டு போய்விடும். திகதி முடிந்த பிறகு போனால் அது நீடிப்பு அல்ல, புதிய விண்ணப்பம். புதிதாகக் கட்டணம், புதிதாக அறிக்கைகள், மேலே சொன்னதுபோல் இன்றைய விதி. அதற்கு ஆகும் செலவையும் கடைசியில் வாங்குபவர் தலையில்தான் வைப்பார்கள்.

ஆகவே விற்பவர் நல்லவராகவே இருந்தாலும் நீடிப்பு விண்ணப்பத்தைக் கெடு முடிவதற்கு முன்னரே, ஒன்றிரண்டு மாதம் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கச் சொல்லுங்கள். சபையின் திட்டமிடல் குழு தினமும் கூடுவதில்லை. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு பழைய அனுமதிப்பத்திரத்தின் பிரதி, கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டு, இதுவரை எவ்வளவு வேலை முடிந்தது என்பதற்குப் படங்கள், தாமதத்துக்கான காரணம் எல்லாம் இருந்தால் நல்லது. பாதை பாதியாவது வெட்டப்பட்டிருக்கிறது என்று காட்ட முடிந்தால் பேசுவது சுலபம். ஒரு கூடை மண்ணும் வெட்டாத இடத்துக்கு "இன்னும் ஒரு வருடம் தாருங்கள்" என்று கேட்டால், ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் யோசிப்பார்கள்தானே.

கொடுத்த விண்ணப்பத்துக்குத் திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பிரதியின் போட்டோகொப்பி உங்கள் கையிலும் இருக்கட்டும். நமது ஆட்கள் செக்ரோல் கணக்கைப் பத்து வருடம் மனதில் வைத்திருப்பார்கள், ஆனால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பத்து நாள் பத்திரமாக வைத்திருக்க மாட்டார்கள். லயத்துக் கூரை ஒழுகுவது தெரியும். ஒரு பொலித்தீன் உறையில் போட்டுத் தகரப் பெட்டியில் வையுங்கள்.

பேர்ச் கணக்கு

திகதி சரி, கடிதமும் சரியான கடிதம். அதன்பிறகு பேர்ச் கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. முதலில் சொன்ன அரை ஏக்கரை எடுப்போம். அது 80 பேர்ச். எட்டால் வகுத்தால் ஆளுக்குப் பத்துப் பேர்ச் என்று தரகர் சொல்வார். கணக்கு நேராகத்தான் தெரிகிறது. ஆனால் எட்டு வீட்டுக்கும் போக ஒரு பாதை வேண்டாமா? 15 அடி அகலத்தில், அதாவது நாலரை மீற்றரில், 50 மீற்றர் நீளத்துக்கு ஒரு பாதை போட்டால் அதற்கே ஏறக்குறைய 9 பேர்ச் போய்விடும். மிச்சம் 71 பேர்ச். எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்பது பேர்ச்சும் வராது. வடிகானுக்கும், ஓடைக் கரையில் விட வேண்டிய ஒதுக்கீட்டுக்கும் இடம் விட்டால் இன்னும் குறையும்.

ஆகவே "பத்துப் பேர்ச்" என்று வாயால் சொன்னதை நம்பிப் பத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். சபை அங்கீகரித்த வரைபடத்தில் உங்கள் துண்டின் இலக்கத்துக்கு நேரே என்ன அளவு எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் காசு. இன்னொன்று, தரகர் காட்டும் வரைபடமும் சபை முத்திரை வைத்த வரைபடமும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். அளவையாளரின் வரைபட இலக்கமும் திகதியும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சபையில் ஆறு துண்டுக்கு அனுமதி எடுத்துவிட்டு எட்டுத் துண்டுப் படத்தைக் காட்டி விற்பதும் நடக்கக்கூடியதுதான்.

தோட்டக் காணி என்றால்?

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்னதெல்லாம் தனியார் காணியைப் பற்றியது. நாம் வேலை செய்யும் பெருந்தோட்டங்களின் நிலை வேறு. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துக்குப் பின் அந்தக் காணிகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. பின்னர் அது 53 வருடக் குத்தகையாயிற்று. குத்தகைக்காரர் காணியின் சொந்தக்காரர் அல்ல. ஆகவே தோட்டத்துக் காணியில் ஒரு மூலையைக் காட்டி, "துரையோட பேசியாச்சு, இந்த இடத்தை ஒங்களுக்கு எழுதித் தாரோம்" என்று யாராவது காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். துரையாக இருந்தாலும் யாராக இருந்தாலும் அதை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

தனியார் தேயிலைத் தோட்டத்தை உடைத்து விற்பதானாலும் இன்னொரு சட்டம் குறுக்கே நிற்கிறது. 1958ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் துண்டாடலைக் கட்டுப்படுத்தும் சட்டம் அது. பின்னர் தென்னங்காணிகளும் அதில் சேர்க்கப்பட்டன. சட்டம் குறிப்பிடும் அளவுக்கு மேற்பட்ட தோட்டத்தைத் துண்டாடுவதென்றால் அதற்கான சபையின் அனுமதி முதலில் வேண்டும். பிரதேச சபையின் கடிதம் மட்டும் போதாது. தேயிலைச் செடி நிற்கும் பெரிய காணி ஒன்று திடீரென்று துண்டு துண்டாக விலைக்கு வந்தால், "துண்டாடல் சபையின் அனுமதி இருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்தப் பெயரைக் கேட்டதுமே சிலர் பேச்சை மாற்றுவார்கள். அதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் கிடைக்கும் 7 பேர்ச், 10 பேர்ச் காணிகளுக்கு அளப்பது, பிரிப்பது, உறுதி எழுதுவது எல்லாம் அரசாங்க நிறுவனங்களின் வேலை. அதற்கு நீங்கள் தரகரிடம் போக வேண்டியதில்லை. வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காமல் வருடக் கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அது வேறொரு பெரிய கதை. 1948இல் பிரஜாவுரிமை பறிபோன காலத்திலிருந்து எழுத வேண்டிய கதை. அதைத் தனியாக எழுதுவோம்.

காசு கொடுப்பதற்கு முன்

"காசு கொடுத்தோம், கைக்கடுதாசி எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம், சாட்சிக்குத் தலைவரே போட்டிருக்கிறார்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் மிகவும் பழையது. ஆனால் இன்றும் அதுதான் சட்டம். அசையாச் சொத்தை விற்பதற்கும், விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிய பத்திரம் வேண்டும். கைக்கடுதாசியை வைத்துக் கொடுத்த காசைக் கேட்டு வழக்காடலாமே தவிர, காணியைக் கேட்க முடியாது.

அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தால் நொத்தாரிசிடம் விற்பனை உடன்படிக்கை எழுதுங்கள். அதில் சில வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். அனுமதியின் இலக்கமும் திகதியும் எழுதப்பட வேண்டும். கெடு முடியுமுன் நீடிப்பு எடுப்பது விற்பவரின் பொறுப்பு, அதன் செலவும் அவருடையது என்று எழுதப்பட வேண்டும். பாதையும் வடிகானும் இன்ன திகதிக்குள் முடித்து இணக்கச் சான்றிதழ் தர வேண்டும், தராவிட்டால் வாங்கிய காசைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்க வேண்டும். மிச்சக் காசை இணக்கச் சான்றிதழைக் கண்ட பிறகு கொடுப்பதாக வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி. விற்பவர் இதற்கு முகம் சுளித்தால் ஏன் என்று யோசியுங்கள். அவரே வேகமாக வேலை முடிக்க அது ஒரு தூண்டுதல்.

காணிப் பதிவகத்தில் தேடல் போட்டு, காணி ஈட்டில் இருக்கிறதா, வழக்கில் இருக்கிறதா என்று பார்ப்பதையும் விட வேண்டாம். அதை நொத்தாரிசு செய்வார். அவரைத் தரகர் கூட்டி வருவதை விட நீங்களே தேடிப் பிடிப்பது நல்லது.

திகதி முடிந்த கடிதத்தை நம்பி உறுதியும் எழுதி, பதிந்தும் விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. உறுதி உங்கள் பெயரில் இருப்பதால் காணி போய்விடாது. ஆனால் துண்டாக்கலே அங்கீகரிக்கப்படாத காணியில் வீட்டுப் பிளேனுக்குச் சபை கையெழுத்து வைக்காது. பிளேன் இல்லாமல் வங்கியில் வீட்டுக் கடன் கிடைப்பது கடினம். 2012 திருத்தத்தின்படி சேமலாப நிதியிலிருந்து வீட்டுத் தேவைக்கு 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்க வழி இருக்கிறது. அதற்கும் இப்படிப்பட்ட பத்திரங்கள்தான் கேட்பார்கள். அனுமதியில்லாமல் கட்டினால் இடிக்கச் சொல்லிக் கட்டளை வரவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே அவசரப்பட்டு அத்திவாரம் வெட்ட வேண்டாம்.

முதலில் சபைக்குப் போய் உங்கள் காணியின் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையில் ஒரு தகவல் அலுவலர் இருக்கிறார். அவரிடம் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். "இன்ன இலக்க வரைபடத்துக்குக் கொடுத்த அனுமதியின் பிரதி, அதன் காலாவதித் திகதி, நீடிக்கப்பட்டதா, இணக்கச் சான்றிதழ் கொடுக்கப்பட்டதா" என்று நான்கு வரி போதும். அனுமதியும் நீடிப்பும் ஒழுங்காக இருந்து, பாதை முடிந்து, இணக்கச் சான்றிதழும் கொடுத்திருந்தால் அந்தத் துண்டுக்குக் காலாவதி என்ற பேச்சே இல்லை. நீங்கள் நிம்மதியாகப் பிளேன் போடலாம்.

ஒன்றுமே இல்லை என்று பதில் வந்தால், அதே காணியில் துண்டு வாங்கிய மற்றக் குடும்பங்களையும் தேடிப் பிடியுங்கள். எட்டுப் பேரும் சேர்ந்து விற்பவரை அழைத்துக்கொண்டு சபைக்குப் போனால், திருத்திய வரைபடத்தோடு புதிய விண்ணப்பம் கொடுக்க வழி உண்டா என்று பேசலாம். பாதைக்காக ஒவ்வொருவரும் முன் எல்லையில் இரண்டடி விட்டுக்கொடுக்க வேண்டி வரலாம். விட்டுக்கொடுப்பதா, வழக்குக்குப் போவதா என்று வரும்போது இரண்டு அடி மலிவு. விற்பவர் ஆளே இல்லை, போனும் எடுக்கவில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாகச் சட்டத்தரணியின் உதவி கிடைக்கும். போகும்போது உறுதி, வரைபடம், காசு கொடுத்த பற்றுச்சீட்டு, சபைக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, அடையாள அட்டை எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.